கிளைச் சபை நாட்ட ஆட்களை அனுப்புதல்: தாய்ச் சபைகளுக்கு ஒரு வழிகாட்டி

அந்தியோகியா சபையில் தீர்க்கதரிசிகளும் போதகர்களுமாக இருந்தவர்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரம் ஐந்து பேரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானாகிய லூகி, ஏரோதுடனே வளர்க்கப்பட்ட மனாயீன், பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுல். இந்த ஐவரில் பர்னபாவையும் சவுலையும் ஊழியத்துக்காகப் பிரித்துவிடும்படி பரிசுத்த ஆவியானவர் சொன்னபோது, சபையார் உபவாசித்து, ஜெபம்பண்ணி, அவர்கள்மேல் கைகளை வைத்து அனுப்பினார்கள். அனுப்பப்பட்ட இருவரும் ஒரு வருஷம் முழுவதும் அங்கே திரளான ஜனங்களுக்கு உபதேசித்தவர்கள் என்று 11-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆகவே அந்தச் சபை தன்னிடம் மிஞ்சியிருந்தவர்களை அனுப்பவில்லை. இவர்கள் போய்விட்டால் வேதத்தை யார் போதிப்பது என்ற கேள்வி எழக்கூடியவர்களையே அனுப்பியது.

மிஷனெரி ஊழியத்தைத் தாங்குவது தமிழ்ச் சபைகளுக்குப் புதிதல்ல. 1902-இல் யாழ்ப்பாணத்துக்குச் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் கடந்து இந்தியாவுக்கு ஊழியரை அனுப்பி வந்ததைக் கண்டு, நம் சபைகள் ஏன் இதைச் செய்யவில்லை என்ற பாரத்தோடு திரும்பினார். மறு ஆண்டு, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அதன் ஊழியர்கள் நிஜாம் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தெலுங்கு நாட்டுக்குப் போனார்கள். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவே 1909-இல் குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குக் குடிபோய், தெலுங்கு கற்று, 1912-இல் அங்கே பேராயரானார். அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து எழுந்த நண்பர் சுவிசேஷ ஜெபக் குழுவும், சிறு ஊர்களின் வீட்டு ஜெபக் கூட்டங்களை நம்பியே வட மாநிலங்களுக்கு ஊழியரை அனுப்பியது.

இவ்வளவு வரலாறு இருந்தும், இந்தப் பக்கத்துச் சபைகளில் ஒரு குறையை நான் தொடர்ந்து கண்டு வருகிறேன். தொலைவிலுள்ள மிஷனெரிக்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் சபை, பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் எழும்பிய புதுக் குடியிருப்புக்குத் தன் சொந்தக் குடும்பங்களில் ஐந்தைக்கூட அனுப்பத் தயங்குகிறது. பணம் அனுப்பினால் ஆலயத்தில் ஓர் இருக்கையும் காலியாவதில்லை. ஆளை அனுப்பினால் காலியாகிறது. அந்தக் காலி இடத்தைத் தாங்கிக்கொள்ளச் சபையை ஆயத்தப்படுத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏன் அனுப்ப வேண்டும்

எங்கள் சபையில் ஏறக்குறைய 340 குடும்பங்கள் இருந்தன. ஆலயம் நிரம்பி வழிந்ததால் சபை வளர்கிறது என்றே எல்லோரும் நம்பினோம். சேகர கமிட்டியில், அதாவது சபையின் நிர்வாகக் குழுவில், இருந்த நாங்கள் சிலர் ஒரு முறை குடும்பப் பதிவேட்டை எடுத்து முகவரிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. புறவழிச் சாலைக்கு அப்பால் வீடு கட்டிக் குடிபோன குடும்பங்களில் பெரும்பாலானவை மாதம் ஒரு முறை, திருவிருந்து ஞாயிறன்று மட்டுமே வந்தன. அந்த வீடுகளின் முதியவர்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள், பிள்ளைகள் ஞாயிறு பள்ளிக்கு வரவே இல்லை. ஆலயத்தை நிரப்பியவர்கள் ஆலயத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள். தொலைவில் இருந்தவர்களை நாங்கள் அனுப்பவும் இல்லை, பேணவும் இல்லை. சந்தாப் பட்டியலில் பெயராக மட்டும் வைத்திருந்தோம்.

பெரிய சபையில் வரங்கள் உறங்குகின்றன என்பது அடுத்த காரணம். எங்கள் ஞாயிறு பள்ளியில் கற்பிக்க விரும்பிப் பெயர் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த இளம்பெண்கள் இருந்தார்கள். ஜெபிக்கத் தெரிந்தவர்கள் ஜெபிக்க அழைக்கப்படாமலே முதுமை அடைந்தார்கள். முப்பது பேர் கூடும் இடத்தில் வேதபாடம் வாசிப்பவரும், பாய் விரிப்பவரும், பாட்டைத் தொடங்குபவரும், நோயாளியைப் பார்க்கப் போகிறவரும் தேவைப்படுகிறார்கள். அங்கே யாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்க இயலாது. கிறிஸ்துவை அறியாத அயலார் ஒருவர் முதன்முறையாக உள்ளே வரும்போது, தலைமுறைகளாக இந்தக் குடும்பம் இங்கே உட்காரும் என்று தீர்மானமாகிப்போன பழைய ஆலயத்தைவிட, எல்லோருமே புதிதாக வந்திருக்கும் சிறு கூட்டத்தில் அவருக்கு எளிதாக இடம் கிடைக்கிறது.

நாமே அனுப்பப்பட்டவர்களால் உண்டான சபை என்பதையும் மறக்கலாகாது. 1780-ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேரே இருந்தார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த குளோரிந்தா அம்மையார் கட்டுவித்த சிற்றாலயம் 1785-இல் எழும்பியது. அந்தச் சிறு கூட்டத்தைப் பேணுவதற்காகத் தஞ்சாவூரிலிருந்து வந்த சத்தியநாதன் உபதேசியார் 1790-இல் குருப்பட்டம் பெற்றார். 1799-இல் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு உருவானது. தஞ்சைச் சபை தனக்கு வேண்டிய நல்ல உபதேசியாரைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தால், திருநெல்வேலிச் சீமையின் சபை வரலாறு வேறாக இருந்திருக்கும்.

யாரை அனுப்புவது

இதில்தான் நாங்கள் முதலில் தவறினோம். கிளைச் சபை தொடங்கப்போவதாக அறிவித்து, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றோம். பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் அந்த ஆண்டுச் சபைத் தேர்தலில் தோற்ற அணியினர். அவர்களை மனத்தாங்கலோடு அனுப்பினோம், அவர்களும் மனத்தாங்கலோடு போனார்கள். ஒன்றரை ஆண்டில் அந்தக் கூட்டம் மூன்றாகப் பிரிந்து கலைந்தது. சண்டையால் பிரிந்து போவதைச் சபை நாட்டுதல் என்று நம் ஊர்களில் பெயர் சூட்டிவிடும் வழக்கம் உண்டு. பவுலும் பர்னபாவும்கூடக் கடுங்கோபம் மூண்டு பிரிந்தார்கள் என்று சிலர் இதற்கு வேதத்தையே எடுத்துக்காட்டுவார்கள். அவர்கள் பிரிந்தது அந்தியோகியாவைவிட்டு அல்ல, பயணத் துணையைக் குறித்தே. அங்கிருந்து புறப்பட்ட பவுலையும் சீலாவையும் சகோதரர் தேவனுடைய கிருபைக்கு ஒப்புவித்தே அனுப்பினார்கள்.

இரண்டாம் முறை பெயர் கேட்கவில்லை. ஆயரும் கமிட்டியில் நால்வரும் ஆறு மாதம் ஜெபித்து, ஒவ்வொரு குடும்பமாக நேரில் போய்ப் பேசினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பொது அறிவிப்பு கடைசியில் வரட்டும். எட்டு முதல் பன்னிரண்டு குடும்பங்கள் போதும் என்பது என் கணிப்பு. ஐந்துக்குக் குறைந்தால், ஒரு வீட்டில் காய்ச்சல் வந்தாலே ஆராதனை நின்றுவிடும். இருபதைத் தாண்டினால், பழைய சபையின் சிறு நகலாகவே அது உட்கார்ந்துவிடும். அந்தக் குடும்பங்களுக்குள் வேதத்தை விளக்கிச் சொல்லக்கூடியவர்கள் இருவர், கணக்கு எழுதத் தெரிந்தவர் ஒருவர், பிள்ளைகளோடு பழகத் தெரிந்தவர் ஒருவர், அழைக்காமலே வீடு வீடாய்ப் போய் விசாரிக்கும் இயல்புடைய ஒரு பெண்மணி ஆகியோர் அவசியம் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னவரைத்தான் எல்லாச் சபைகளும் மறக்கின்றன. பிலிப்பியில் பவுலுக்கு முதலில் திறந்த வீடு லீதியாளுடையது. கொரிந்துவிலும் எபேசுவிலும் ஆக்கில்லாவோடு அவர் மனைவி பிரிஸ்கில்லாளின் பெயரும் சேர்ந்தே வருகிறது.

கூடியமட்டும் அந்த இடத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்களையோ, அங்கே குடிபோக மனமுள்ளவர்களையோ அனுப்புங்கள். ஞாயிறன்று வண்டியில் போய் ஆராதனை நடத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறவர்களால், ஆராதனையை நடத்த முடியும். அயலாருடைய சாவு வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் தண்ணீர்ப் பிரச்சினைக்கும் உடன் நிற்கக்கூடியவர் அங்கேயே வாழ்கிறவர்தான். புதுச் சபையின் நற்பெயர் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் உண்டாகிறது.

சாதியைப் பற்றித் தயங்காமல் பேசுங்கள்

தென்மாவட்டங்களில் 19-ஆம் நூற்றாண்டில் மக்கள் ஊராகவும் உறவாகவும் சேர்ந்து கிறிஸ்துவிடம் வந்தார்கள். அதனால் பல சபைகள் இன்றுவரை ஒரே சாதியாருடைய சபைகளாக இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்திலும் சபைத் தேர்தலிலும் அது வெளிப்படையாகவே தெரிகிறது. பழைய ஊர்ச் சபையில் இதை மாற்றப் பல தலைமுறைகள் போராடியும் முழு வெற்றி கிடைக்கவில்லை. புதுச் சபையிலோ முதல் நாளிலேயே வேறு விதமாகத் தொடங்கும் வாய்ப்பு நமக்குத் தரப்படுகிறது. என்னைக் கேட்டால், சபை நாட்டுவதற்கு நம் நாட்டில் இருக்கும் மிக வலுவான காரணங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் அந்த வாய்ப்பு தானாகக் கைகூடாது. ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் முறையுள்ள பதினோரு குடும்பங்களை அனுப்பினால், ஊரையே பெயர்த்துக்கொண்டுபோய் வேறிடத்தில் வைத்ததாக ஆகும். வெளியிலிருந்து வருகிறவர் அரை மணி நேரத்தில் அதைக் கண்டுகொள்வார். ஆகவே அனுப்பும் குடும்பங்களிலேயே வெவ்வேறு சமூகத்தார் இருக்கும்படி பாருங்கள். உங்கள் சபையில் அதற்கு வழியில்லையென்றால், அருகிலுள்ள இன்னொரு சபையோடு சேர்ந்து அனுப்புங்கள். முதல் பொறுப்பாளர் குழுவில் ஒரே குடும்ப வட்டத்தார் இருவருக்கு மேல் இருக்கலாகாது என்று எழுத்தில் வையுங்கள். சேர்ந்து உண்பதை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். சமைப்பதும் பரிமாறுவதும் முறைவைத்து எல்லா வீட்டாரிடமும் போகட்டும். சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசன விருந்துக்கு நம் மக்களிடையே இருக்கும் வலிமை பெரிது. அது புதுச் சபையின் முதல் ஆண்டிலிருந்தே எல்லோருடைய கையாலும் சமைக்கப்பட வேண்டும்.

இடமும் அயலாரும்

இடத்தைத் தேர்ந்துகொள்ளும் முன், அங்கே ஏற்கெனவே எந்தெந்தச் சபைகள் உள்ளன என்று நடந்து பாருங்கள். மூன்று சபைகள் உண்மையாய் ஊழியம் செய்யும் தெருவில் நான்காவது பலகையை மாட்டி, அவர்களுடைய விசுவாசிகளை இழுப்பது சபை நாட்டுதல் ஆகாது. அங்குள்ள ஆயர்களையும் போதகர்களையும் முன்கூட்டியே சந்தித்து, வேறொரு சபையில் பெயருள்ளவரை அந்தச் சபைக்குத் தெரியாமல் சேர்த்துக்கொள்வதில்லை என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையையும், பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, அரசமைப்பின் 25-ஆம் பிரிவு தருகிறது. சில மாநிலங்களில் மதமாற்றம் பற்றிய தனிச் சட்டங்களும் உள்ளன. ஒடிசாவில் 1967 முதலே உண்டு. அம்மாநிலங்களுக்கு ஆள் அனுப்பும் சபை முதலில் வழக்கறிஞரிடம் ஆலோசனை பெற வேண்டும். தமிழ்நாட்டில் வழிபாட்டுக்கென்று கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. அதைப் பெறாமல் வீடு என்று சொல்லிக் கட்டிவிட்டுப் பிறகு ஆலயமாக்குவது, அயலாரோடு வழக்கையும் பகையையும் விலைக்கு வாங்குவதாகும். வாடகை வீட்டில் கூடும்போது ஒலிபெருக்கி வேண்டாம், தெருவை அடைத்து வண்டி நிறுத்த வேண்டாம். ஏழைகளுக்கு அரிசியோ படிப்புச் செலவோ கொடுத்தால், ஆராதனைக்கு வருகிறவர் வராதவர் என்று பாராமல் கொடுங்கள். உதவியைக் காட்டி ஒருவரை ஆராதனைக்கு இழுப்பது சுவிசேஷத்துக்கே அவமானம்.

பணம்

கட்டடம் பின்னால் வரட்டும். முதல் மூன்று ஆண்டுகள் வீட்டிலோ, பள்ளி வகுப்பறையிலோ, வாடகைக் கூடத்திலோ கூடுவதே நல்லது. கட்டட நிதி தொடங்கிய நாளிலிருந்து சபையின் பேச்செல்லாம் சிமெண்டும் கம்பியுமாகிவிடுவதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

போகும் குடும்பங்களின் காணிக்கையும் சந்தாவும் அவர்களோடு போக வேண்டும். தாய்ச் சபையின் பொருளாளர் இதைத்தான் முதலில் எதிர்ப்பார். அவருடைய கவலை நியாயமானதே; ஆகையால் முந்தின ஆண்டிலேயே வரவு செலவைக் குறைத்துத் திட்டமிடுங்கள். அங்கே முழுநேர ஊழியர் ஒருவர் தேவைப்பட்டால், அவருடைய சம்பளத்தை முதல் ஆண்டு முழுவதுமாகவும், இரண்டாம் ஆண்டு மூன்றில் இரண்டு பங்காகவும், மூன்றாம் ஆண்டு மூன்றில் ஒரு பங்காகவும் தாய்ச் சபை ஏற்கலாம். நான்காம் ஆண்டு எதுவுமில்லை என்பதை முதல் நாளே இருதரப்பும் எழுதிக் கையொப்பமிடட்டும். வெளிநாட்டுப் பணத்தை நாடாதீர்கள். அதைப் பெறத் தனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, பிறர் பணத்தில் தொடங்கும் சபைக்குக் கொடுத்துப் பழக்கம் வராமலே போய்விடுகிறது. 1905-இல் செராம்பூரில் தொடங்கிய தேசிய மிஷனெரி சங்கம் இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று தீர்மானித்ததன் பொருள், சிறு சபைக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்தும். எங்கள் கிளைச் சபையில் பெண்கள் தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துச் சேர்த்த கைப்பிடி அரிசியே முதலாண்டு வாடகையின் ஒரு பங்கை அடைத்தது.

சொத்து வாங்கும் காலம் வரும்போது அது திருமண்டலத்தின் (பேராயரின் கீழுள்ள சபைகளின் அமைப்பின்) பெயரிலோ பதிவுபெற்ற சங்கத்தின் பெயரிலோ இருக்கட்டும். எவ்வளவு உண்மையான ஊழியரானாலும் தனிமனிதர் பெயரில் எழுத வேண்டாம். அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளோடு சபையார் நீதிமன்றத்தில் நிற்க நேரிடும்.

அனுப்பும் நாளும் அதற்குப் பின்பும்

போகிறவர்களை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை ஆராதனையை ஞாயிறு காலையில், சபை முழுவதும் கூடியிருக்கும்போது நடத்துங்கள். மாலைக் கூட்டத்தில் சிலர்முன் முடித்துவிடாதீர்கள். முந்தின வெள்ளியன்று உபவாச ஜெபம் இருக்கட்டும். குடும்பங்களைப் பிள்ளைகளோடு முன்னே அழைத்து, பெயர் சொல்லி, கைகளை வைத்து ஜெபியுங்கள். பிள்ளைகளுடைய பெயர்களை விட்டுவிடாதீர்கள். நண்பர்களை விட்டுப் போகிற அவர்களுக்கும் இழப்பு உண்டு. எங்கள் சபையில் பதினோரு குடும்பங்கள் முன்னே வந்து நின்றபோது, அவர்கள் வழக்கமாக உட்காரும் இடங்கள் வெறுமையாகத் தெரிந்தன. ஆயர் சற்று நேரம் பேச இயலாமல் நின்றார், பலர் அழுதார்கள்.

அதன்பின் தாய்ச் சபை பழகவேண்டிய கட்டுப்பாடு ஒன்று உண்டு. பாடகர் குழுவுக்குக் கிறிஸ்துமஸில் ஆள் போதவில்லை, விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆசிரியர் போதவில்லை என்று போனவர்களைத் திரும்ப அழைக்காதீர்கள். அந்த வெற்றிடங்களை உள்ளே காத்திருப்பவர்களால் நிரப்புங்கள். எங்கள் ஞாயிறு பள்ளியில் காத்திருந்தவர்களுக்கு வகுப்பு கிடைத்தது அந்த ஆண்டில்தான். அதே வேளையில் போனவர்களைக் கைவிட்டுவிடவும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கமிட்டியில் இருவர் அங்கே போய், மேற்பார்வையிடுபவர்களாக அல்லாமல் ஆராதிப்பவர்களாக உட்கார்ந்துவிட்டு வரட்டும். ஆண்டுக்கு இரு முறை அவர்களில் ஒருவர் தாய்ச் சபைக்கு வந்து நடந்ததைச் சொல்லட்டும். பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பி வந்து, சபையைக் கூடிவரச்செய்து, தேவன் தங்களைக்கொண்டு செய்தவைகளை அறிவித்தார்களே. அந்த அறிக்கையில் வெற்றிகள் மட்டுமன்றித் தோல்விகளும் இருக்க வேண்டும்.

சிலர் திரும்பி வருவார்கள். எங்களில் இரண்டு குடும்பங்கள் முதலாண்டிலேயே வந்துவிட்டன. ஒன்றில் தாயாருக்கு நோய், மற்றொன்றில் வெறும் சோர்வு. பவுலோடு பயணம் புறப்பட்டுப் பெர்கேயிலிருந்து திரும்பிப்போன மாற்குவைப் பிற்காலத்தில் ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பவுலே எழுதினார். ஆகவே திரும்பினவர்களிடம் காரணத்தைத் துருவிக் கேட்காமல், பழைய இடத்தில் உட்கார விடுங்கள். சோர்ந்து திரும்பிய அந்தக் குடும்பத்தலைவர் இப்போது அனுப்புதலுக்கான ஜெபக் குழுவை நடத்துகிறார்.

மூன்றாம் ஆண்டின் முடிவில் புதுச் சபையிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நீங்கள் யாரை, எங்கே அனுப்பப்போகிறீர்கள்? கட்டடம் இல்லை, ஆள் குறைவு என்ற பதில் வரும். அந்தியோகியாவும் சிதறுண்டு வந்த சீப்புரு தீவாராலும் சிரேனே பட்டணத்தாராலும் உண்டான சபைதான் என்று அவர்களுக்கு நினைவூட்டுங்கள். எங்கள் கிளைச் சபையாரிடம் இதைக் கேட்டபோது சில வாரம் பதில் வரவில்லை. பிறகு, அருகிலுள்ள தொழிற்பேட்டையின் தகரக் கொட்டகைகளில் தங்கி வேலை செய்யும் வடமாநில இளைஞர்களைப் பற்றிச் சொன்னார்கள். காய்ச்சலில் கிடந்த ஒருவரை அவர்கள் மருத்துவமனைக்கு அழைத்துப்போனபோது, அவர் பேசிய ஒரு சொல்லும் இவர்களுக்குப் புரியவில்லையாம். இப்போது அந்தச் சபையின் இரண்டு குடும்பங்கள் செவ்வாய், வியாழன் மாலைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தி எழுத்துகளைப் படித்து வருகின்றன.